யானையும் பணிக்கரும்

ஆபிரிக்காவுக்குச் சஃபாரி போய் வந்தவர்கள் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் படம்பிடித்து வந்து காட்டுகிறார்கள். மன்னார்க்காரருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முசலிக்குத் தெற்கே மோதரகம் ஆற்றைக் கடந்தால் வில்பத்து. யானை, சிறுத்தை, கரடி மூன்றும் அங்கே உண்டு. (ஆபிரிக்காவிலிருந்து ஒரு மரமே எம்மைத் தேடி வந்திருக்கிறது. பள்ளிமுனைப் பெருக்கமரத்தைத்தான் சொல்கிறேன். அதன் இனத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தார்கள் என்பார்கள். தமிழகத்தில் அதற்கு ஆனைப்புளி என்று பெயர்.)

நானும் ஜீப்பில் வில்பத்துவைச் சுற்றியிருக்கிறேன். வழிகாட்டி சிறுத்தையின் காலடியைப் பற்றி நிறையச் சொன்னார். அந்தக் காட்டோடு மனிதருக்கு இருந்த உறவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை ஏடுகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

1344 இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, பாவாத மலைக்குப் போகும் வழியில் யானைகள் ஏராளம் என்று எழுதுகிறார். அவர் சொல்லும் கதை ஷீராஸ் நகரத்து ஷெய்கு இப்னு கபீபுடையது. காட்டில் வழிதவறிப் பசியால் வாடிய பக்கீர்கள் ஒரு யானைக்குட்டியை அறுத்துத் தின்ன ஷெய்கிடம் அனுமதி கேட்டார்கள். அவர் மறுத்தார். மீறித் தின்றார்கள். இரவில் யானைகள் திரண்டு வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றன. தின்னாத ஷெய்கை மட்டும் ஒரு யானை துதிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றி, மனிதர் வாழுமிடத்தில் கொண்டுபோய் இறக்கியது. இதை நடந்த வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் காட்டுக்குள்ளே தின்னத்தகாதது ஒன்று உண்டு என்ற எண்ணம் அன்றைய முஸ்லிம் பிரயாணியிடம் இருந்திருக்கிறது.

நமது முன்னோர் எல்லோரும் அந்த ஷெய்கைப் போல் இருந்தார்கள் என்று பெருமை பேசவும் முடியாது. 1859 இல் வெளிவந்த எமர்சன் டெனன்டின் இலங்கை நூல், வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள சோனகக் கிராமங்களின் பணிக்கர்களே இத்தீவில் யானை பிடிப்பதில் மிகத் தேர்ந்தவர்கள் என்கிறது. மான், எருமைத் தோலில் திரித்த கயிறுதான் அவர்களின் ஆயுதம். இரண்டே பேர் ஓசையில்லாமல் ஊர்ந்து போய், யானையின் பின்காலில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்களாம். பிடிபட்டவற்றை அராபியர் பழக்க, தென்னிந்திய அரசர்களின் ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். அதற்கு முன்னரே, ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் திறையாகச் செலுத்திய யானைகள் யாழ்ப்பாணத்தில் விலையாகின. கோல்கொண்டா வரை அவற்றுக்குக் கிராக்கி இருந்தது.

பணிக்கருக்கு யானை உயிரோடு வேண்டும். ஆங்கிலேயருக்கு வால் போதும். யானை கொன்றவருக்கு அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று டெனன்டே எழுதுகிறார். அவர் அந்த அரசாங்கத்தின் செயலாளராக இருந்தவர்!

பிறகு பாதுகாப்பு வந்தது. வில்பத்து 1905 இல் சரணாலயமானது, 1938 இல் தேசிய பூங்காவானது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியும் வெறுமையானது. மரிச்சுக்கட்டி, பாலைக்குளி, கரடிக்குளி மக்கள் புத்தளத்து அகதி முகாம்களில் இரு தசாப்தங்களைக் கழித்தார்கள். அதற்குள் வளவுகளில் காடு ஏறிவிட்டது. அந்தக் காடு பொய்யல்ல, யானையும் அதில் உலாவத்தான் செய்தது. 2009 இல் போர் முடிந்து மக்கள் திரும்பிக்கொண்டிருக்கையில், 2012 ஒக்டோபர் வர்த்தமானி மரிச்சுக்கட்டி-கரடிக்குளிப் பகுதியை ஒதுக்கக் காடாக்கியது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு பிரகடனமானது. தமது காணிகளும் அகப்பட்டுவிட்டன என்று ஊரவர் முறையிட்டனர். வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று தெற்கில் கூக்குரல் எழுந்தது.

கரடிக்குளி என்று பெயரிட்டவர்கள் கரடியை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். வர்த்தமானியிலும் அதே பெயர்தான் இருக்கிறது, காட்டின் பெயராக.