கலைஞனின் இருக்கை

ஓவியக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர்கள் வண்ணத்தைப் பற்றி எழுதினர். கோட்டின் ஓட்டத்தைப் பற்றி எழுதினர். கலையைப் புரந்த மன்னர்களைப் பற்றியும் எழுதினர். ஆனால், ஓவியத்தை வரைந்தவன் எவ்வாறு அமர்ந்திருந்தான், அவனுடைய முதுகும் கழுத்தும் கண்ணும் என்ன பாடுபட்டன என்பதில் கருத்துச் செலுத்தியவர் மிகச் சிலரே. மாணவச் செல்வங்களே, அந்தச் சிறிய வரலாற்றை இன்று சற்று நோக்குவோம். சிறிய வரலாறு என்றேன். ஆயினும், அஃது உங்களுள் பலருடைய கைகளின் எதிர்காலத்தைப் பற்றியது.

இன்று ஓவியம் பயில்வோர் பலர் தாளையும் தூரிகையையும் விட்டு, கணிப்பொறியின் திரையையும் டேப்லெட் என்னும் மின்பலகையையும் கைக்கொண்டுள்ளனர். திருப்பூர்ப் பின்னலாடைகளின்மீது அச்சாகும் பூவும் கொடியும் எழுத்தும் பெரும்பாலும் கணிப்பொறியிலேயே முதலில் உருப்பெறுகின்றன. தாராபுரத்திலிருந்து அத்தொழிலை நாடிச் செல்லும் இளைஞர்களை நான் அறிவேன். கட்டிலின்மேல் சம்மணமிட்டு, மடியில் பலகையை வைத்து, மோவாய் மார்பிற் படும்படி குனிந்து, நள்ளிரவு வரை வரையும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இருபது வயது நிரம்புமுன்னரே மணிக்கட்டில் வலி என்றும் பிடரியில் வலி என்றும் அவர்கள் சொல்லக் கேட்கிறோம். கருவி புதியது, துன்பமோ மிகப் பழையது. அத்துன்பத்தைக் குறைக்க முன்னோர் கண்ட வழிகளும் பழையனவே.

முதலில் நம் நாட்டுப் பனையோலையை எடுத்துக்கொள்வோம். ஏடு எழுதியவனுக்கு மேசை இல்லை. ஓலையை இடக்கையில் பிடிப்பான். வலக்கையில் இரும்பு எழுத்தாணி இருக்கும். இடக்கைப் பெருவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் எழுத்தாணியைப் பதித்துக்கொள்வான். எழுத எழுத, கையை நெடுந்தூரம் ஓடவிடாமல் ஓலையையே இடப்புறமாக நகர்த்துவான். இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். கை பொருளைத் தேடிச் செல்லவில்லை. பொருள் கையைத் தேடி வந்தது. ஓலையை வேண்டிய உயரத்திற்கு உயர்த்தலாம், ஒளி வரும் பக்கமாகத் திரும்பலாம், தூணில் சாய்ந்தும் எழுதலாம், நின்றுகொண்டும் எழுதலாம். வேலை செய்யும் பரப்பு உடலோடு ஒட்டி நகர்ந்தது.

கொங்கு நாட்டார்க்கு இன்னும் நன்றாகத் தெரிந்த சான்று குழித்தறியாகும். பவானி ஜமக்காளத்தை அறியாதவர் நம்முள் இலர். அதனை நெய்யும் குழித்தறியில் நெசவாளி தரைமட்டத்தில் அமர்கிறார்; கால்களை வைப்பதற்கென்று குழி தோண்டப்பட்டிருக்கிறது; மிதிகள் அக்குழியினுள் உள்ளன. நாற்காலி இல்லாத வீட்டில் நாற்காலியின் பயனைப் பெற்ற வழி இது. இருக்கையைத் தரைக்கு மேலே உயர்த்துவதற்குப் பதிலாக, காலைத் தரைக்குக் கீழே இறக்கினர். கால் மடங்கி மரத்துப்போவதில்லை. பாவும் கைக்கெட்டும் உயரத்தில் விரிந்திருக்கிறது.

குழித்தறி குறையற்றது என்று நான் கூறவில்லை. மழைக்காலத்தில் குழி ஈரம் கசியும். நாள் முழுவதும் முன்சாய்ந்து அமர்வதால் இடுப்புவலி வருவதும் உண்டு. தந்தையின் கால்நீளத்திற்குத் தோண்டிய குழி மகனுக்குப் பொருந்தாமற் போவதும் உண்டு. ஆயினும், தறியை நிறுத்துமுன் நெசவாளியின் காலுக்கு இடம் எங்கே என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்த எண்ணமே நாம் கற்க வேண்டிய பாடம்.

சுவரிலும் விதானத்திலும் வரைந்தோர்க்கு இவ்வசதி வாய்க்கவில்லை. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பெற்றுள்ளது. அதில் மீனும் அன்னமும் யானையும் பூப்பறிப்போரும் காட்சியளிக்கின்றனர். கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் பலர் கருதும் அவ்வோவியத்தைக் காண்போர் சில நிமிடங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொள்கின்றனர். அதனைத் தீட்டியவனோ நாள்கணக்காக அண்ணாந்தே நின்றிருப்பான். தன் கழுத்தைப் பற்றி அவன் ஒரு குறிப்பும் விட்டுச் செல்லவில்லை. இத்தாலியில் பிறந்த மைக்கேலாஞ்சலோ அத்தகைய குறிப்பை விட்டுச் சென்றார். 1508 முதல் 1512 வரை வாத்திக்கனிலுள்ள சிஸ்டைன் ஆலயத்தின் விதானத்தை அவர் தீட்டினார். மல்லாந்து படுத்துக்கொண்டு வரைந்தார் என்று பலர் சொல்வர், அது தவறு. சாரத்தின்மேல் நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்தே வரைந்தார். உடல் முறுகிப்போனதையும் முகத்தில் வண்ணம் சொட்டியதையும் நண்பர் ஒருவருக்கு ஒரு கவிதையாகவே எழுதியனுப்பினார்.

நம் காலத்திற்கு அருகில் வருவோம். 1919-இல் பிறந்து 1983-இல் மறைந்த ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன்னிலையிலேயே அவற்றைக் கோட்டோவியமாக வரைந்தவர். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற தலைப்பில் ஆனந்த விகடனில் அவ்வோவியங்கள் வெளிவந்தன. அசையாத கற்சிலையின் முன்னே ஓவியனே தன் இடத்தையும் நிலையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வாறு, எது அசைகிறது, எது அசையவில்லை என்பதைப் பொறுத்தே உடலின் பாடு அமைகின்றது.

மேசையும் நாற்காலியும் நம் அலுவலகங்களில் நிலைபெற்ற காலத்தை இனி நோக்குவோம். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்கு நாடு கம்பெனியாரின் ஆட்சிக்குட்பட்டது. முதலில் அதனை இரு பிரிவுகளாக்கி, வடபிரிவிற்குப் பவானியையும் தென்பிரிவிற்குத் தாராபுரத்தையும் தலைமையிடங்களாக வைத்தனர். 1804-இல் இரண்டும் ஒன்றாகி, கோயம்புத்தூர் தலைநகராயிற்று. கம்பெனி ஆட்சி வளர வளர, கச்சேரிகளில் தாளும் இறகுப்பேனாவும் உயர்ந்த மேசையும் பெருகின. ஓலை கையில் நகர்ந்தது. தாளோ மேசையின்மேல் அசையாது கிடந்தது. ஆகவே, உடல் தாளை நோக்கிக் குனிந்தது.

இக்குனிவின் தீமையை ஐரோப்பியர் முன்னரே உணர்ந்திருந்தனர். பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713-இல் அதனை விரித்தெழுதியபோது, எழுத்தர்களின் நோயையும் அதில் சேர்த்தார். ஓயாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே வகையாக இடைவிடாது அசைத்தல், பிழை நேரக்கூடாதே என்னும் மனச்சுமை ஆகிய மூன்றையும் அந்நோய்க்குக் காரணங்களாகக் கூறினார். வாழ்நாள் முழுவதும் எழுதியே பொருளீட்டிய ஒருவரின் செய்தியையும் அவர் குறித்துள்ளார். அவருடைய வலக்கை முதலில் களைத்தது. பின்னர் முற்றிலும் செயலற்றுப்போயிற்று. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் இடக்கையையும் அதே நோய் பற்றியது. அவர் கையை மாற்றினார். வேலை செய்யும் முறையை மாற்றவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இச்செய்தி, இன்று மின்பலகையின்முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் பொருந்துவதைக் காண்க.

உடலுக்கேற்ப வேலையை அமைக்கும் அறிவை ஒரு தனித்துறையாகக் கண்டவர் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி. வேலை, நியதி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1857-இல் ‘எர்கோனாமிக்ஸ்’ என்னும் பெயரை அவர் ஆக்கினார். அப்பெயர் நெடுங்காலம் மறந்துகிடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, விமானிகளின் பிழைகளுள் பல, கருவிகள் மனிதனுக்குப் பொருந்தாமையால் விளைந்தவை என்பது தெளிவாயிற்று. போருக்குப்பின், 1949-இல், பிரிட்டனில் மரல் என்பவரும் அவருடைய தோழர்களும் அப்பெயரை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தனர்.

கணிப்பொறியில் வரையும் கலையும் அதற்குப் பின்னர் விரைவிலேயே பிறந்தது. 1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஐவன் சதர்லாந்து என்ற இளைஞர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் அமைப்பை உருவாக்கினார். ஒளிப்பேனாவைத் திரையின்மேல் வைத்தால் கோடு தோன்றியது. உலகம் வியந்தது. ஆயினும், நிமிர்ந்து நிற்கும் திரையை நோக்கிக் கையை நீட்டியபடியே வரையவேண்டியிருந்தமையால், தோள் விரைவில் சோர்ந்தது. அந்தரத்தில் நீட்டிச் சோர்ந்த கைக்குக் ‘கொரில்லாக் கை’ என்று பொறியாளர்கள் பின்னாளில் வேடிக்கையாகப் பெயரிட்டனர். 1964-இல் ராண்ட் நிறுவனத்தார் வேறொரு வழி கண்டனர். மேசையின்மேல் தட்டையான பலகை, அதன்மேல் பேனா, கோடு மட்டும் எதிரிலுள்ள திரையில் தோன்றும். கை மேசையில் ஊன்றியது, கண் நேரே நோக்கியது, கழுத்து நிமிர்ந்தது. 1983-இல் ஜப்பானில் தோன்றிய வேக்கம் நிறுவனம், கம்பியும் மின்கலமும் வேண்டாத பேனாவைப் பரப்பியது. நம் நாட்டில், மதுரையில் பிறந்த ஓவியர் டிராட்ஸ்கி மருது, கணிப்பொறியை ஓவியத்திற்கு ஏற்றுக்கொண்ட முன்னோடிகளுள் ஒருவர்.

பின்னர், திரையின்மேலேயே நேராக வரையும் பலகைகள் பரவின. கோடு பேனாமுனையிலேயே தோன்றுவதால் ஓவியனுக்கு அவை இனியவை. ஆனால், அவற்றை மேசையில் தட்டையாகக் கிடத்தினால், கச்சேரி எழுத்தரின் குனிவு மீண்டும் வந்துவிடுகிறது. வளர்ந்த மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்த கழுத்து அதனை எளிதாகத் தாங்கும். தலை முன்னே சாயச் சாயப் பிடரித் தசைகள் தாங்கவேண்டிய பாரம் பன்மடங்காகின்றது. நீருள்ள குடத்தை உடலோடு அணைத்துப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இதுவும்.

ஆகவே, மாணவர்களே, வரையத் தொடங்குமுன் உங்கள் இருக்கையை வரையறுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, பாதம் இரண்டும் தரையில் முழுதும் படியவேண்டும். எட்டாவிட்டால் பலகையையோ செங்கல்லையோ அடியில் இடுக. இடுப்பின் பின்னே சிறு தலையணை ஒன்று இருக்கட்டும். இரண்டாவது, தோள் தளர்ந்திருக்க, முழங்கை விலாவை ஒட்டி ஏறத்தாழச் செங்கோணமாக மடியவேண்டும். அந்த மட்டத்தில் வரையும் பரப்பு அமையவேண்டும். மணிக்கட்டை மடக்காமல், நீண்ட கோடுகளை முழங்கையாலும் தோளாலும் இழுக்கப் பழகுக. மூன்றாவது, தனித்திரை இருப்பின் அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, 50 முதல் 70 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கவேண்டும். திரையிலேயே வரைவோர் அதனைச் சாய்மேசைபோல் நிமிர்த்தி வைத்து, முகத்தருகே கொணர்க. முகத்தை அதனிடம் கொண்டுசெல்லவேண்டா. நான்காவது, சன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னே இருந்தால் திரையில் ஒளி எதிரடிக்கும். ஐந்தாவது, 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 நொடி நோக்குக. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க. இவற்றைச் செய்தும் விரல் மரத்துப்போவது நீங்காவிடின், மருத்துவரைக் காண்பதில் காலந்தாழ்த்தலாகாது.

இவற்றிற்கு விலையுயர்ந்த நாற்காலி வேண்டுவதில்லை. மரப்பெட்டி ஒன்று திரையை உயர்த்தும். தடித்த புத்தகம் இரண்டு பலகையைச் சாய்க்கும். வேண்டுவது ஒன்றே: அளவு அவரவர் உடலின் அளவாக இருத்தல். ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் நான் கண்டதொன்று உண்டு. ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கும் பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் ஒரே உயரமுள்ள பெஞ்சியே கிடைக்கும். சிறுவனின் கால் தொங்கும். பெரியவனின் முதுகு வளையும். இருவரையும் பார்த்து, “நிமிர்ந்து உட்கார்” என்றே ஆசிரியர் அதட்டுவார். குறை பிள்ளைகளிடம் இல்லை, பலகையில் இருந்தது.

வலி என்பது உழைப்பின் அடையாளம் என்றும், கலைக்காக அதனைப் பொறுத்தல் பெருமை என்றும் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. மைக்கேலாஞ்சலோவின் விதானம் சிறந்தது, அவர் கழுத்து நொந்ததனால் அன்று. நொந்த கழுத்தோடும் அவர் கலைஞராக இருந்ததனால். ஐம்பது ஆண்டுகள் வரையவேண்டிய கையை ஐந்து ஆண்டுகளில் தேய்த்துவிடுவது கலைக்கே இழப்பு. இன்று மாலையே ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் அமர்ந்து, தரையிலிருந்து உங்கள் முழங்கை எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்று வீட்டிலுள்ளோரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு மேசையையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒவ்வாவிடின், மேசையையோ நாற்காலியையோ மாற்றிவிட்டு, அதன்பின் பேனாவைக் கையில் எடுங்கள்.