ஜாக்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் ‘3.5 ஜாக்’ என்று கேட்டால், ஹெட்போன் ஒயரின் நுனியில் இருக்கும் பின்னைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆங்கிலத்தில் ஜாக் என்பது அந்தப் பின் நுழையும் துளை. எடுபிடி ஆளுக்கு வழங்கிய ‘ஜாக்’ என்ற பெயர், ஆள் வேலையைச் செய்யும் கருவிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. மெக்கானிக் காரைத் தூக்கும் ஜாக்கியும் இதன் உடன்பிறப்பே. (பலாவின் ஆங்கிலப் பெயரில் வரும் ஜாக் வேறு குடும்பம், அது மலையாளச் ‘சக்க’, போர்ச்சுகீசியர் வழியே போனது.) 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகத்துக்கென வந்த 6.35 மி.மீ. ஜாக்கின் குட்டிதான் இந்த 3.5 மி.மீ. கோபாலபுரத்து வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வைத்துப் பாட்டுப்பெட்டி செய்தேன். 2023-இல் வந்த அதன் ஐந்தாம் மாடலில் இந்த 3.5 துளையே கிடையாது. அதனால் டிஜிட்டலை அனலாக் ஒலியாக்கும் டி.ஏ.சி. போர்டு ஒன்றை மேலே பொருத்தி, ஆர்.சி.ஏ. ஒயர் வழியாகப் பழைய ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்தேன். தமிழில் பின்னுக்குச் ‘செருகி’ நன்றாகவே பொருந்துகிறது: கொண்டையில் பூச் செருகுவதும், தூக்கத்தில் கண் செருகுவதும், ஏட்டில் இடைச்செருகலும் அதே வேர். துளைக்குச் ‘செருகுவாய்’ என்றால்தான் யாரையோ ஏவுவதுபோல ஒலிக்கிறது. எனக்குச் ‘செருகுதுளை’ போதும். கடையில் மட்டும் ‘ஃபீமேல் பின்’ என்றே கேளுங்கள்.