நிலம் அடங்கிய பிறகு நடந்த கொலைகள்

நிலநடுக்கப் படம் என்றால் நமக்குத் தெரிந்தது ஹாலிவுட் பாணிதான். 1974இல் வந்த 'எர்த்குவேக்', 2015இல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' இரண்டிலும் கட்டடங்கள் சரியும்; நாயகன் தன்னவர்களைக் காப்பாற்ற ஓடுவான். இடிபாடுகளுக்கு நடுவே யார் யாரைக் கொன்றார்கள் என்ற வரலாறு அவற்றில் இல்லை.

1923 செப்டம்பர் 1. ஜப்பானின் கான்டோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஊர்க்காவல் கும்பல்களும் ராணுவமும் போலீசும் கொரியர்களைக் கொன்று குவித்தன.

ஐந்து நாள் கழித்து, சிபா மாகாணத்தின் ஃபுகுடா கிராமத்தில், ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த 15 பேரைக் கும்பல் வளைத்தது. அவர்கள் பேச்சு வேறு மாதிரி இருந்ததால் கொரியர்கள் என்றது. கர்ப்பிணி, குழந்தைகள் உட்பட 9 பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் புராகு மக்கள். ஜப்பானியச் சமூகம் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைத்தவர்கள். தண்டனை பெற்ற கொலைகாரர்கள் பிறகு பொது மன்னிப்பில் வெளியே வந்தார்கள்.

சரியாக நூறாண்டு கழித்து, 2023 செப்டம்பர் 1 அன்று, தத்சுயா மோரி இயக்கிய 'ஃபுகுடா கிராமச் சம்பவம்' ஜப்பானில் திரைக்கு வந்தது. இதை 'ஆள் தெரியாமல் நடந்த கொலை' என்பவர்களைப் படம் திருப்பிக் கேட்கிறது: கொரியராகவே இருந்திருந்தால் கொல்லலாமா?