டென்வர் பிட்புல் தடை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரில் 1989 முதல் நடப்பிலிருந்த நாய் வளர்ப்புத் தடை. அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் ஆகியவற்றோடு, இவற்றின் சாயல் மேலோங்கிய கலப்பின நாய்களும் இதில் அடங்கின. தலை, தாடை, மார்பு அமைப்பைப் பார்த்தே அலுவலர்கள் முடிவெடுத்தனர். அந்த நாய் யாரையாவது கடித்ததா என்பது கணக்கில் வரவில்லை. சட்டத்தின் பெருங்குறை இதுவே. யாருக்கும் தீங்கு செய்யாத வீட்டு நாய்களும் கொல்லப்பட்டன. 2004-ல் மாநிலச் சட்டமன்றம் இனவாரித் தடைகளுக்கு முட்டுக்கட்டை போட்டது. ஆனால் நகரம் தன் தன்னாட்சி உரிமையைக் காட்டி வழக்குத் தொடுத்து வென்றது. 2020 பிப்ரவரியில் நகரமன்றம் எடுத்த நீக்க முடிவை மேயர் மைக்கேல் ஹான்காக் நிராகரித்தார். நவம்பரில் வாக்காளர்களே தடையை நீக்கினர். அதன்பின் தனி அனுமதிச்சீட்டு, மைக்ரோசிப், கருத்தடை கட்டாயமாயின. 36 மாதம் விதிமீறலின்றிக் கழிந்தால் சாதாரண உரிமமே போதும்.