கிட்ஹப் எம்.சி.பி. வழங்கி

கிட்ஹப் எம்.சி.பி. வழங்கி என்பது செயற்கை நுண்ணறிவு உதவிச் செயலிகளைக் கிட்ஹப் தளத்துடன் இணைக்கும் ஒரு திறந்த மூல மென்பொருள் ஆகும். இதன் மூலம் நிரலர் ஒருவர் இயல்பான மொழியில் கேட்டே களஞ்சியத்திலுள்ள மூலநிரலைப் படிக்கவும், இஷ்யூ எனப்படும் வழு அறிக்கைகளைப் பதியவும், புல் ரிக்வெஸ்ட் எனப்படும் இணைப்புக் கோரிக்கைகளைத் திறக்கவும், தானியங்குச் சோதனைகள் தோல்வியுற்ற காரணத்தை ஆராயவும் இயலும். இது கோ நிரலாக்க மொழியில் எழுதப்பட்டு, எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது.

பின்னணி

பெரிய மொழி மாதிரி ஒன்று தான் பயின்ற தரவையும், உரையாடலில் தனக்குத் தரப்பட்ட உரையையும் மட்டுமே கொண்டு விடையளிக்கும். தனியார் களஞ்சியம் ஒன்றில் நேற்று செய்யப்பட்ட மாற்றம் அதற்குத் தெரியாது. இக்குறையை நீக்க, ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு சேவைக்கும் இடையே தனித்தனி இணைப்பு நிரல் எழுத வேண்டியிருந்தது. எடுத்துக்காட்டாக, 5 செயலிகளை 8 சேவைகளுடன் இணைக்க 40 இணைப்பு நிரல்கள் தேவைப்படும். பொதுவான நெறிமுறை ஒன்று இருப்பின், செயலிக்கு ஒன்றும் சேவைக்கு ஒன்றுமாக 13 போதுமானது.

வரலாறு

ஆந்த்ரோப்பிக் நிறுவனம் 2024 நவம்பர் 25 அன்று மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் திறந்த நெறிமுறையை அறிவித்தது. எம்.சி.பி. என்பது இதன் சுருக்கம். மைக்ரோசாப்ட் 2016 இல் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் எம்.சி.பி.யை ஏற்றுக்கொண்டது.

கிட்ஹப்புக்கான முதல் மாதிரி வழங்கியை ஆந்த்ரோப்பிக் டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதியிருந்தது. கிட்ஹப் அதனைக் கோ மொழியில் மாற்றி எழுதி, 2025 ஏப்ரலில் தனது அதிகாரபூர்வ வழங்கியாக வெளியிட்டது. பயனர் தம் கணினியில் நிறுவத் தேவையில்லாத தொலைநிலை வடிவம் அதே ஆண்டு சூனில் அறிமுகமானது. 2025 திசம்பரில் எம்.சி.பி. நெறிமுறை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைக்கப்பட்ட ஏஜென்டிக் ஏஐ அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது.

செயற்படும் விதம்

செய்திகள் ஜேசன்-ஆர்.பி.சி. 2.0 வடிவில் பரிமாறப்படுகின்றன. ஒரு வேண்டுகோள் பின்வரும் படிகளைக் கடக்கிறது:

1. செயலி வழங்கியிடம் அதன் கருவிகளின் பட்டியலைக் கேட்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் ஆகியன தரப்படுகின்றன.
2. பயனரின் வேண்டுகோளுக்குப் பொருந்தும் கருவியை மொழி மாதிரி தெரிவு செய்கிறது.
3. செயலி பொதுவாகப் பயனரின் ஒப்புதலைக் கேட்கிறது.
4. வழங்கி பயனரின் அணுகல் சாவியைக் கொண்டு கிட்ஹப்பின் நிரலாக்க இடைமுகத்தை அழைக்கிறது.
5. கிடைத்த விடை மொழி மாதிரிக்கு உரையாகத் திரும்புகிறது.

கருவி விளக்கங்களும் மாதிரியின் உரை வரம்பில் இடம் பிடிப்பதால், தேவையான கருவித் தொகுதிகளை மட்டும் இயக்கும் வசதி உள்ளது.

பாதுகாப்புச் சிக்கல்கள்

மொழி மாதிரி, பயனர் இட்ட கட்டளையையும் படிக்கக் கிடைத்த உரையில் பிறர் எழுதிவைத்த கட்டளையையும் உறுதியாகப் பிரித்தறிவதில்லை. இதனைப் பயன்படுத்தும் தாக்குதல் கட்டளை உட்செலுத்தல் எனப்படுகிறது.

2025 மே மாதத்தில் இன்வேரியன்ட் லேப்ஸ் நிறுவனம் இத்தகைய தாக்குதல் ஒன்றைச் செய்துகாட்டியது. பொதுக் களஞ்சியம் ஒன்றில் யார் வேண்டுமானாலும் வழு அறிக்கை பதியலாம். அவ்வாறு பதியப்பட்ட ஓர் அறிக்கையில் கட்டளை மறைந்திருந்தது. களஞ்சியத்தின் உரிமையாளர் அறிக்கைகளைப் பார்க்குமாறு உதவிச் செயலியிடம் கேட்டபோது, அது அவருடைய தனியார் களஞ்சியங்களின் தகவல்களை எடுத்து, பொதுக் களஞ்சியத்தில் இணைப்புக் கோரிக்கையாக வெளியிட்டது. இங்கு அணுகல் சாவி திருடப்படவில்லை. வழங்கியின் நிரலிலும் வழு இல்லை. ஒரே சாவிக்குப் பொது, தனியார் களஞ்சியங்கள் இரண்டிலும் உரிமை இருந்ததே தாக்குதலுக்கு வழிவகுத்தது. எனவே வழங்கியின் நிரலை மட்டும் திருத்தி இவ்வகைத் தாக்குதலை முழுமையாகத் தடுக்க இயலாது.

தற்காப்பு முறைகள்

- குறிப்பிட்ட களஞ்சியங்களுக்கு மட்டும் உரிமை தரும் நுண் அணுகல் சாவியைப் பயன்படுத்துதல்.
- எழுதும் தேவை இல்லாதபோது வழங்கியைப் படிக்க மட்டும் என்னும் நிலையில் இயக்குதல்.
- பொதுக் களஞ்சியத்தையும் தனியார் களஞ்சியத்தையும் ஒரே உரையாடலில் கையாளாதிருத்தல்.
- எழுதும் கருவிகளுக்கு நிரந்தர ஒப்புதல் அளிக்காது, ஒவ்வொரு முறையும் சரிபார்த்தல்.
- முதன்மைக் கிளையில் நேரடி மாற்றங்களைத் தடுத்து, மனிதர் ஒருவரின் மீளாய்வைக் கட்டாயமாக்குதல்.