பெயரைப் பறிகொடுத்த பிரஷ்யர்கள்

பிரஷ்யா என்றதும் பிஸ்மார்க்கும் ஜெர்மானியப் படையும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்கு முதலில் உரியவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர். பால்டிக் கடலின் தென்கிழக்குக் கரையில், விஸ்துலா, நேமன் ஆறுகளுக்கு நடுவே வாழ்ந்த வேறோர் இனத்தார். அவர்களுடைய மொழிக்கு லிதுவேனியமும் லாத்வியமும் உறவு.

அந்தக் கரையின் செல்வம் ஆம்பர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறுகிய மரப்பிசினைக் கடல் கரையில் ஒதுக்கும். மக்கள் பொறுக்கி எடுப்பார்கள். அதைப் பட்டை தீட்டாமலே விற்றுவிட்டு, கிடைத்த விலையைக் கண்டு அவர்கள் வியந்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதினார்.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துருசோ என்ற சந்தை நகருக்குக் கப்பலில் வந்த வுல்ஃப்ஸ்டன் என்ற பயணி இன்னும் நெருங்கிப் பார்த்தார். செல்வர்கள் குதிரைப்பால் குடித்தார்கள். ஏழைகளும் அடிமைகளும் தேன்மது அருந்தினார்கள். ஒருவர் இறந்தால் உடலை ஒரு மாதம், இரண்டு மாதம்கூட வீட்டிலேயே வைத்திருப்பார்கள். எரியூட்டும் நாள்வரை குடியும் விளையாட்டும் நடக்கும். அதற்குப் பிறகு மிஞ்சிய சொத்தைப் பங்குபங்காகப் பிரித்து வழிநெடுக வைப்பார்கள். பெரிய பங்கு வீட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கும். குதிரையில் பாய்ந்து முதலில் எட்டியவருக்கே அது சொந்தம். அதனால் வேகமான குதிரைகளுக்கு அங்கே யானைவிலை.

எல்லோரையும் ஆளும் ஒரே அரசன் அவர்களுக்கு இல்லை. தனித்தனி நாடுகளாக, அவரவர் தலைவர்களின் கீழ் வாழ்ந்தார்கள். அண்டையில் இருந்த மசோவியாவின் கோமகன் கொன்ராட், அவர்களை அடக்க டியூட்டானிக் சபை என்னும் ஜெர்மானியக் கிறிஸ்தவப் போர்த்துறவிகளை அழைத்தார். 1230 வாக்கில் தொடங்கிய படையெடுப்பு, நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. 1249இல் கையெழுத்தான கிறிஸ்ட்பர்க் உடன்படிக்கை, மதம் மாறியவர்களுக்குச் சில உரிமைகள் தந்தது. பிணம் எரிப்பதையும் பலதார மணத்தையும் தடை செய்தது.

1260இல் பெருங்கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர்களில் ஒருவரான ஹெர்குஸ் மோண்டே, சிறுவயதில் பிணையாகக் கொண்டுபோகப்பட்டு மக்டபுர்கில் கல்வி கற்றவர். பகைவரிடம் கற்ற போர்முறையை அவர்கள் மீதே திருப்பினார். கடைசியில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். 1283இல் நாடு முழுவதும் சபையின் வசமானது.

தோற்றவர்கள் ஒரேயடியாக அழிந்துவிடவில்லை. சபையின் பக்கம் நின்ற தலைவர்களுக்கு நிலம் கிடைத்தது; பெரும்பாலோர் நிலக்கிழார்களுக்குக் கட்டுப்பட்ட உழவர்களானார்கள். அவர்களுக்காக 1545இலும் 1561இலும் கோனிக்ஸ்பெர்கில் அவர்கள் மொழியிலேயே ஞானோபதேச நூல்கள் அச்சாயின. அவற்றோடு ஒன்றிரண்டு சொற்பட்டியல்களும் சில வரிகளுமே இன்று எஞ்சியுள்ளன.

1701இல் அதே கோனிக்ஸ்பெர்கில் ஜெர்மானியரான ஃபிரடெரிக், பிரஷ்யாவின் அரசராக முடிசூடினார். 1709 முதல் 1711 வரை அந்தப் பகுதியைச் சூறையாடிய கொள்ளைநோயோடு பிரஷ்ய மொழி பேசியவர்களும் ஏறத்தாழ மறைந்தார்கள்.

ஆகவே, பிரஷ்யாவின் கதையை முடிசூட்டு விழாவிலிருந்து தொடங்குவது அரைகுறை வரலாறு. ஆம்பர் பொறுக்கிய அந்த மக்களுக்கே அதன் முதல் அத்தியாயம் சேர வேண்டும்.