முதலில் விரல், அப்புறம்தான் குரல்

மெட்டுகுடாவில் பாட்டு ரெக்கார்டிங் என்று பேச்செடுத்தால் ரயிலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு பக்கம் செகந்திராபாத் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் நிஜாம் காலத்து லாலாகுடா பணிமனை, நடுவில் ரயில்வே குவார்ட்டர்ஸ். ரயில்வே வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் உருதும், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் குழு. அந்தக் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவன் என்பதால், ஏரியாவில் எந்தப் பையனுக்குப் பாட்டுப் பதியும் ஆசை வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறான். "அங்கிள், எந்த சாஃப்ட்வேர் போடணும்?"

அதற்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அந்த சாஃப்ட்வேர் எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் உட்கார்ந்தால், அது இழுத்த இழுப்புக்குப் பாட்டு போய்விடும்.

பாட்டுக்குள் வீட்டுக் கணினி நுழைந்தபோது அதற்குக் காதே கிடையாது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ப்ராஃபெட்-600 என்ற சிந்தசைசரையும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6ஐயும் கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். அதுதான் மிடி. அந்தக் கேபிளில் ஒலி போகாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அமுக்கினார்கள் என்ற தகவல் மட்டும் போகும், அமுக்கலுக்கு மூன்றே பைட். சிடி தரத்தில் ஒலியையே பதிவதென்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்க வேண்டும். ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஒரு கோடி பைட்டைத் தாண்டும். மிடி துளையோடு 1986இல் வந்த அட்டாரி 1040 எஸ்டி கணினியின் மொத்த நினைவகமே 1 எம்பி. குரலைக் கொட்டினால் ஆறு நொடிக்குள் நிரம்பிவிடும். விரல் வாசித்ததை மட்டும் குறித்து வைத்தாலோ, ஒரு கச்சேரியே அடங்கும். 1987இல் வந்த கேக்வாக், 1989இல் வந்த க்யூபேஸ் ஆகிய சாஃப்ட்வேர்கள் முதலில் அந்த வேலையைத்தான் செய்தன.

நம் பக்கமும் அதே சமயத்தில்தான் தொடங்கியது. 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா, இப்படி வாசிப்பைக் குறித்துவைத்து ஒலிக்கும் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அதை இயக்கியது அன்று திலீப் என்று அறியப்பட்ட ஏ.ஆர்.ரஹ்மான் என்பார்கள். தெலுங்கில் ராஜ்-கோட்டி இரட்டையரிடமும் அவர் வேலை பார்த்திருக்கிறார். 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒரு ஸ்டூடியோ கட்டினார். 1992இல் 'ரோஜா' வந்தது. அதுவரை ஸ்டூடியோ என்றால் கால்ஷீட். வயலின்காரர்கள், தபேலாக்காரர், பாடகர் எல்லாரும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். வீட்டு ஸ்டூடியோவில் நடுராத்திரி இரண்டு மணிக்கும் ஒரு பேஸ் வரியை மாற்றலாம், யாருக்கும் பேட்டா கொடுக்க வேண்டாம். ரஹ்மானின் புது ஓசை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த ராத்திரி நேரம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த வசதி மெட்டுகுடா வந்து சேரத் தொண்ணூறுகளின் கடைசி ஆயிற்று. பார்க் லேனில் செனாய் டிரேட் சென்டரில் சவுண்ட் கார்டு வாங்கினேன். விளையாட்டு ஜாய்ஸ்டிக் செருகுவதற்கென்று அதன் முதுகில் 15 முள் துளை ஒன்று இருக்கும்; தனிக் கேபிள் ஒன்று போட்டால் அதுவே மிடி துளை. கீபோர்டில் வாசித்ததெல்லாம் திரையில் சின்னச் சின்னக் கோடுகளாக விழுந்தன. தப்பான கோட்டை மவுஸால் பிடித்து நகர்த்தினால் தப்பும் போய்விடும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

குரல்தான் படுத்தியது. அதற்குள் ஹார்டு டிஸ்க் பெரிதாகி, சாஃப்ட்வேருக்குக் காதும் முளைத்துவிட்டது. ஆனால் மைக்கில் போன குரல் கணினிக்குள் சுற்றி ஹெட்ஃபோனுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். குழுவில் பாடும் அக்கா ஒருவரை பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை அணைத்துப் பாடச் சொன்னோம். தன் குரலே பின்னால் வருவதைக் கேட்டு, அது வந்து சேரட்டும் என்று அவரும் மெதுவாக்க, பல்லவி முடிவதற்குள் பாட்டு படுத்தே விட்டது. ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து எடுத்துவிடச் சொன்னதும் சரியாயிற்று. சரணம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தது. திரையில் குரல் மேடுபள்ளமாக ஓட, ஹாரன் மட்டும் செங்கல் அடுக்கினாற்போல் கனமாக நின்றது. அந்த வரியை மட்டும் மறுபடி பாடவைத்து ஒட்டினோம். ஹெட்ஃபோனில் குரல் பின்தங்கும் அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஏசியோ டிரைவரைக் கொண்டுவந்தது. நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் இன்று அது பெரிய தொல்லையில்லை.

இன்னொரு தொல்லை அப்படியே இருக்கிறது. விரலை எண்ணிப் பழகிய சாஃப்ட்வேர் என்பதால், திறந்ததுமே கட்டம் போட்டுத்தான் நிற்கும். நிமிடத்துக்கு 120 அடி, நாலுக்கு நாலு. பெரும்பாலான சாஃப்ட்வேரில் அதுதான் ஆரம்பம். எங்கள் பெரியவர்கள் பாடும் பாட்டு அப்படி நடக்காது. வரிக் கடைசியில் இழுக்கும், மூச்சு வாங்கும், அடுத்த அடியை எட்டிப் பிடிக்கும். அதை மெட்ரோனோமின் 'டிக் டிக்'கில் கட்டிப்போட்டுப் பதிந்த எங்கள் முதல் கேசட் முழுக்க அணிவகுப்பு மாதிரி இருந்தது. கணினியில் செய்தது என்று ஊரே பாராட்டியது வேறு.

இப்போது வரும் பையன்களிடம் செலவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆடாசிட்டி 2000லிருந்தே இலவசம். கேக்வாக்கை நடத்திவந்த கிப்சன் 2017இல் கைவிட்டது. மறு வருடம் பேண்ட்லேப் அதை எடுத்து இலவசமாக விட்டது. ரீப்பரை அறுபது நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். கையில் இருக்கிற ஃபோனே போதும் என்பவனையும் நான் தடுப்பதில்லை.

எதைப் போட்டாலும் முதலில் 'டிக் டிக்'கை அணைக்கச் சொல்கிறேன். ஒரு தம்புரா சுருதியை மட்டும் காதில் விட்டு, பாட்டை முழுசாக ஒரு தடவை பாடவிட வேண்டும். பிறகு பாடியதைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறதென்று குறித்தால், கட்டங்கள் அதற்கேற்ப விரிந்து சுருங்கும். ரீப்பரில் இதற்கு வசதி இருக்கிறது. தபேலாவும் கீபோர்டும் அதன் மேல் வரட்டும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஒரு பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். பையன்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.